5,000 ரூபாய், 2 சனிக்கிழமை: எந்தக் கரண்டு சாமானை முதலில் வாங்கிச் சோதிப்பது?

கையில் 5,000 ரூபாய் இருக்கிறது. ஆள் ஏழு பேர், அதில் டெஸ்டரைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்தவர் ரெண்டு பேர். நேரம் என்று பார்த்தால் ரெண்டு சனிக்கிழமை மதியம். திருநெல்வேலி டவுன் ரத வீதி, ஜங்ஷன், வண்ணார்பேட்டை, மேலப்பாளையம் என்று எங்கே திரும்பினாலும் சார்ஜரும் எல்இடி பல்பும் கொசு பேட்டும் தொங்குகின்றன. எல்லாவற்றையும் வாங்கிச் சோதிக்க நம்மால் முடியாது, அரசாங்கத்தாலேயே முடியாது. ஆகவே எதை முதலில் பார்ப்பது என்று முடிவெடுப்பதிலேயே இந்த வேலையில் பாதி அடங்கிவிடுகிறது. நுகர்வோர் மன்றம் நடத்துகிறவர்கள், கல்லூரியில் நுகர்வோர் கிளப் வைத்திருக்கும் பிள்ளைகள், தன் கடைச் சரக்கைத் தானே சலித்துப் பார்க்க நினைக்கும் அண்ணாச்சிமார்கள், எல்லோருக்கும் ஆகிற மாதிரி எங்கள் முறையை எழுதுகிறேன்.

முதல் வருஷம் நாங்கள் செய்தது தப்பு. எந்தப் பொருளுக்குப் புகார் அதிகமோ அதை முதலில் எடுத்தோம். இயர்போன்தான் முன்னால் வந்தது, ஒரு காது கேட்கவில்லை, பத்து நாளில் ஒயர் அறுந்தது என்று. காசெல்லாம் அதில் போயிற்று. அதே மாசம் எங்கள் உறுப்பினர் ஒருவரின் மதினிக்கு, வாளியில் போடும் ஹீட்டர் ராடில் ஷாக் அடித்து, குளியலறையில் விழுந்து கை முறிந்தது. அவர்கள் புகாரே கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “ஈரக் கையோட தொட்டது என் தப்புதான், அதுக்குக் கடைக்காரர் என்ன செய்வாவ?” என்றார்கள். அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. எரிச்சலூட்டுகிற பொருளுக்குப் புகார் வரும். ஆளை அடிக்கிற பொருளுக்கு அடிபட்டவர் தன்னையே குறை சொல்லிக்கொண்டு போய்விடுவார். புகார் நோட்டை மட்டும் பார்த்து வரிசை போட்டால் வரிசை தலைகீழாகத்தான் இருக்கும்.

(ராடு எலக்ட்ரானிக் பொருளா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கடையில் சார்ஜரும் அதுவும் ஒரே ஆணியில் தொங்குகின்றன.)

இப்போது நாங்கள் பின்பற்றும் முறையின் எலும்புக்கூடு ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் தன் சந்தைக் கண்காணிப்பு அதிகாரிகளுக்குக் கொடுத்த இடர் மதிப்பீட்டு வழிகாட்டுதலிலிருந்து எடுத்தது. அதில் பொருளின் பெயரை எழுதி மார்க் போடுவதில்லை, விபத்தின் கதையை எழுதுகிறார்கள். அதை அப்படியே செய்யுங்கள். “ஹீட்டர் ராடு, அபாயம்” என்று எழுதினால் ஒன்றுக்கும் ஆகாது. “குழாயில் விரிசல் விழுந்து தண்ணீரில் கரண்டு கசிகிறது, வீட்டில் எர்த்தும் இல்லை, கசிந்தால் கரண்டைத் தானே அறுக்கும் டிரிப்பரும் இல்லை, சுவிட்சை அணைக்காமல் சூடு பார்க்கக் கையை விடுகிறார்” என்று எழுதுங்கள். ஒரே பொருளுக்கு ரெண்டு மூன்று கதை வரலாம். அதில் மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தக் கதை எதில் போய் முடியும் என்று பாருங்கள். நான்கு படிகள். முதலுதவியோடு போகிற காயம் 1. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டு, சில மாதத்தில் முழுக்கக் குணமாகிவிடும் என்றால் 2. படுக்கையில் சேர்த்து, ஆறு மாதத்துக்கு மேல் பாதிப்பு நிற்கும் என்றால் 3. உயிர் போகலாம், அல்லது அதற்குச் சமமான ஊனம் வரலாம் என்றால் 4.

அடுத்து வாய்ப்பு. மொத்தமாக ஒரு எண்ணை ஊகிக்காதீர்கள், கதையைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் ஊகித்துப் பெருக்குங்கள். ராடு கதைக்கு எங்கள் ஊகம் இது: பெயர் தெரியாத மலிவு ராடில் கசிவு வர 50-க்கு 1, எர்த்தும் டிரிப்பரும் இல்லாத வீடாக இருக்க 2-க்கு 1, அணைக்காமல் கை வைக்க 20-க்கு 1. பெருக்கினால் 2,000-க்கு 1. இவை எங்கள் வாயில் வந்த எண்கள், ஆய்வு முடிவு அல்ல. உங்கள் ஊருக்கு உங்கள் எண்ணைப் போடுங்கள். படி 4-இல் 2,000-க்கு 1 என்றால் அந்த ஐரோப்பிய அட்டவணையில் அது “தீவிரம்” என்ற உச்சக் கட்டத்தில் விழுகிறது. இயர்போனால் காதில் அரிப்பு வருவது படி 1. பத்தில் ஒருவருக்கு மேல் வந்தாலும் “நடுத்தரம்”, பாதிப் பேருக்கு மேல் வந்தால்கூட “உயர்” வரைதான் ஏறும், “தீவிர”த்தைத் தொடாது.

ஊக எண்ணை நம்பலாமா என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார், கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குச் செய்ய வேண்டியது, எண்ணைப் பத்து மடங்கு தள்ளிப் பார்ப்பது. ராடு 20,000-க்கு 1 என்று இறங்கினாலும் “உயர்” கட்டத்தில் நிற்கிறது, நடுத்தர இயர்போனுக்கு மேலேயேதான். இப்படித் தள்ளியும் வரிசையில் இடம் மாறாத பொருளைப் பற்றி மேற்கொண்டு வாதம் செய்யாதீர்கள், வாங்கப் போய்விடுங்கள். இடம் மாறினால் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், உயிரபாயத்துக்கும் அரிப்புக்கும் மார்க் போட்டுக் கூட்டிச் சராசரி எடுக்கிற எக்செல் வேலையை மட்டும் செய்யாதீர்கள். நாங்கள் ஒரு தடவை செய்து, கொசு பேட்டும் ப்ளூடூத் ஸ்பீக்கரும் ஒரே மார்க் வாங்கின.

கொசு பேட்டை ஏன் சொல்கிறேன் என்றால், மலிவானவற்றில் டிரான்ஸ்பார்மர் கிடையாது, ஒரு கெப்பாசிட்டர் வழியாக வீட்டுக் கரண்டிலிருந்தே நேராக பேட்டரிக்கு சார்ஜ் ஏறுகிறது. சொருகி இருக்கும்போது உள்ளே எந்தக் கம்பியைத் தொட்டாலும் 230 வோல்ட்டைத் தொட்ட மாதிரி. கூடு லேசாக உடைந்தால் போதும், சார்ஜில் கிடப்பதைப் பிள்ளை எடுத்து விளையாடினால் கதை படி 4. மலிவான எமர்ஜென்சி லைட் சிலவற்றிலும் இதே ஏற்பாடுதான். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் அந்த லைட்டைப் பாயின் ஓரத்திலேயே சார்ஜில் போட்டுக்கொண்டு வேலை நடக்கும், பக்கத்தில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும். யார் கையில், எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் கதைக்குள் கொண்டுவரச் சொல்வது இதற்காகத்தான்.

போன் சார்ஜரில் பார்க்க வேண்டியது வேறு. ஜங்ஷனில் பிளாட்பாரத்தில் வாங்கிய ஒன்றை, சொருகாமலே, பிரித்துப் பார்த்தோம். கரண்டு வரும் பக்கத்துக்கும் போனுக்குப் போகும் பக்கத்துக்கும் நடுவே பலகையில் ஐந்து மில்லிமீட்டர் அளவாவது இடைவெளி வேண்டும். இதில் இருந்தது ஒரு தீக்குச்சி அகலம். ரெண்டு பக்கத்தையும் பாலம் போடும் இடத்தில் பாதுகாப்புக்கென்றே வரும் நீல நிற கெப்பாசிட்டரைக் காணோம், சாதாரணமானது ஒன்றைப் பற்ற வைத்திருந்தார்கள். அட்டைப்பெட்டி மட்டும் பளபள என்று இருந்தது.

கட்டம் தெரிந்த பிறகு, ஒரே கட்டத்தில் உள்ள பொருள்களை வரிசைப்படுத்த சந்தையைப் பாருங்கள். எத்தனை கடையில் தொங்குகிறது, பில் கொடுக்கிறார்களா, தயாரித்தவர் முகவரி அட்டையில் இருக்கிறதா, அந்தப் பெயர் இதற்கு முன் எங்காவது பிடிபட்டிருக்கிறதா. அதோடு காலம். மார்கழிக்கு முன்னால் ராடு, கோயில் கொடைத் திருவிழா நடக்கும் மாதங்களுக்கு முன்னால் சீரியல் செட். கொடைக்கு வேப்பமரத்தைச் சுற்றி விளக்குப் போட்டு, நடுவில் அறுந்த இடத்தை முறுக்கி டேப் ஒட்டி, அடியில் சனம் நிற்கிறது, அந்த நேரம் பார்த்து ஒரு தூறல் போட்டால்? கொடை முடிந்த பிறகு சோதித்துப் பிரயோஜனமில்லை.

ஊரில் நடப்பதும் எண்ணை மாற்றும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது நினைவிருக்கும். அடுத்த தையில் பாதி விலைக்குக் கிடைத்ததென்று நான் ஒரு மிக்ஸி வாங்கினேன், கடைப் பெயர் வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரை உண்மை, அதன் எண்ணும் உண்மை. அடியில் காற்றுப்போகும் துளையில் குச்சியை விட்டால் காய்ந்த வண்டல் வருகிறது, வெள்ளத்தில் நனைந்த சரக்கு. முத்திரை இருந்தால் கசிவு வாய்ப்பு குறைவு என்ற எங்கள் கணக்கு அந்த ரெண்டு மாதத்துக்குச் செல்லாது.

வாங்கப் போகும்போது ஒவ்வொன்றிலும் ரெண்டு வாங்குங்கள், பில்லோடு. “பில்லு எதுக்கு சார், கெட்டுப்போச்சுன்னா கொண்டாங்க, மாத்தித் தாரேன்” என்பார்கள். சிரித்துக்கொண்டே நில்லுங்கள், எழுதித் தருவார்கள். ஒன்றைப் பிரிக்காமல் டேப் ஒட்டி, டேப் மேல் தேதியும் ரெண்டு கையெழுத்தும் போட்டு வையுங்கள். நுகர்வோர் ஆணையம் வரை போனால் ஆய்வகத்துக்கு அனுப்ப அது வேண்டும். கடையில் வாக்குவாதம் வேண்டாம். சரக்கைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் பிஐஎஸ் எனும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் அதிகாரிகளுக்குத்தான், நமக்கில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிஐஎஸ் கேர் செயலியைத் திறங்கள். ராடு, அயர்ன் பாக்ஸ், ஒயர் போன்றவற்றில் ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் எண் இருக்கும். சார்ஜர், பவர் பேங்க், எல்இடி பல்பு போன்றவை 2012 ஆணையில் தொடங்கிய கட்டாயப் பதிவுத் திட்டத்தில் வருகிறவை, அவற்றில் “ஆர்” என்று தொடங்கும் எண். எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், செயலி காட்டும் நிறுவனமும் பொருளும் கையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். எங்களுக்கு ஒரு சார்ஜரின் எண்ணைப் போட்டபோது வேறு ஏதோ நிறுவனத்தின் பல்பு வந்து நின்றது. அதே செயலியில் புகாரும் கொடுக்கலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசலாம். ராடில் எண்ணோடு பிளக்கையும் பாருங்கள்: 1,500 வாட் ராடு 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும், அதற்கு எர்த் இல்லாத ரெண்டு பின், அதுவும் 6 ஆம்பியர் பிளக் போட்டிருந்தால் மேற்கொண்டு பிரிக்கவே வேண்டாம்.

எல்லாப் பணத்தையும் பட்டியலின் மேல்பாதிக்குக் கொட்டாதீர்கள். 5,000-த்தில் 1,000 ரூபாயைப் பட்டியலில் அடியில் கிடப்பதற்கோ, இடமே பிடிக்காததற்கோ ஒதுக்குங்கள், சீட்டுக் குலுக்கி எடுத்தாலும் சரி. போன தடவை அப்படிச் சீட்டில் வந்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதெல்லாம் வெறும் பெட்டிதானே என்று அதற்கு நாங்கள் கதையே எழுதவில்லை. திருகைக் கழற்றினால் வெளியே மூன்று துளை, உள்ளே வந்தது ரெண்டு ஒயர். எர்த் துளையில் பித்தளை மட்டும் நிற்கிறது, அது எதோடும் சேரவில்லை. சுவரில் எர்த் உள்ள வீட்டிலும் இதில் ராடைச் சொருகினால் எர்த் இல்லாத வீடுதான். அன்றைக்கு ராத்திரியே நோட்டை எடுத்து, ராடு கணக்கில் 2-க்கு 1 என்று போட்டிருந்ததை அடித்துவிட்டு 3-க்கு 2 என்று எழுதினோம், பெட்டிக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கினோம்.