சான்றிதழின் தேதியை முதலில் பாருங்கள்

கொலை வழக்கில் தன் கட்சிக்காரர் மனநோயாளி என்று தெரிந்ததும் இளைய வழக்கறிஞர்களுக்கு ஓர் உற்சாகம் வந்துவிடுகிறது. மனநோயால் தன் செயலை அறிய முடியாதவருக்கு விலக்குத் தரும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு, அதாவது பழைய தண்டனைச் சட்டத்தின் 84, இருக்கிறதே என்கிறார்கள். எங்கள் தலைமுறையும் இப்படித்தான் இடறி விழுந்து எழுந்தது. பிரிவு எண்ணை மாற்றி எழுதுவது, வாய்தாவைத் தவறவிடுவது போன்றவற்றைச் சீனியரே திருத்திவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இன்றைய நோயைக் காட்டி அன்றைய செயலுக்கு விலக்குக் கேட்பது

இதைத்தான் இன்னமும் என்னால் பொறுக்க முடியவில்லை. சட்டம் கேட்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். இப்போது இவரால் விசாரணையைப் புரிந்துகொண்டு எதிர்வாதம் செய்ய முடியுமா? முடியாது என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368ஆம் பிரிவுகளின்படி வழக்கு தள்ளிவைக்கப்படும்; குணமானதும் தொடரும். அடுத்தது: சம்பவம் நடந்த அந்த நேரத்தில், தான் செய்வது என்ன என்றோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் இருந்தாரா? 22ஆம் பிரிவு இந்தக் கேள்வியை மட்டுமே கேட்கிறது.

ஒரு செஷன்ஸ் நீதிமன்றத்தில் பார்த்தேன். அண்ணனை வெட்டிக் கொன்றதாக வழக்கு. எதிரிக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, வாதாடிய இளைஞர் மனநல மருத்துவரைக் கூண்டில் ஏற்றி, மனச்சிதைவு நோய் என்று சான்றிதழும் தாக்கல் செய்தார். அரசு வழக்கறிஞர் கேட்டது ஒரே கேள்வி: "சம்பவத்துக்கு முன்பு இவரைப் பார்த்திருக்கிறீர்களா, டாக்டர்?" இல்லை என்றார் மருத்துவர். சான்றிதழ் சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகள் கழித்து வாங்கியது. குறுக்கு விசாரணை அத்தோடு முடிந்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த தாயிடம் பேச்சுக் கொடுத்தேன். சம்பவத்துக்கு முந்தைய ஆண்டு வரை அரசு மருத்துவமனையில் காட்டியதாகவும், சீட்டுகள் எல்லாம் வீட்டில் ஒரு ஜவுளிக்கடைப் பையில் இருப்பதாகவும் சொன்னார். வழக்கறிஞர் கேட்கவில்லையா என்றேன். கேட்கவில்லையாம்.

வக்காலத்தில் கையெழுத்து வாங்கியதும் கட்சிக்காரரின் வீட்டுக்குப் போங்கள். பழைய மாத்திரைச் சீட்டுகளைத் தேடுங்கள். மாத்திரை எப்போது நின்றது என்று கேளுங்கள். ஏர்வாடிக்கோ குணசீலத்துக்கோ அழைத்துப்போன உறவினர், அன்று காலையில் அவரைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், இவர்களெல்லாம் சாட்சிகள். ரிமாண்டின்போதே மருத்துவப் பரிசோதனை கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுங்கள். சிறை மருத்துவப் பதிவேட்டை வரவழையுங்கள். மனைவியைக் கல்லால் அடித்துக் கொன்ற மகாராஷ்டிரக் காவலர் ஸ்ரீகாந்த் போஸ்லேவை 2002இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதற்குக் கைகொடுத்தவை, முன்பே சிகிச்சை பெற்ற ஆவணங்களும், கைதான சில மாதங்களுக்குள் பலமுறை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பதிவுகளுமே.

காவல்துறைக்கும் இதில் கடமை உண்டு. மனநோய் இருந்தது புலன்விசாரணையில் தெரிந்தும் உடனே மருத்துவரிடம் காட்டாவிட்டால், அது அரசுத் தரப்பு வழக்கைப் பலவீனப்படுத்தும் என்று பாபு எதிர் ராஜஸ்தான் வழக்கில் (2007) உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. குறுக்கு விசாரணையில் புலன்விசாரணை அதிகாரியிடம் இதைக் கேட்காமல் உட்காருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நோயின் பெயரே போதும் என்று நினைப்பது

போதாது. காதில் குரல் கேட்டவரே ஆனாலும், அரிவாளை ஒளித்துவைத்துவிட்டு ஊரைவிட்டு ஓடியிருந்தால், தவறு என்று தெரிந்தே செய்தார் என்பார்கள்.

"நோக்கம் இல்லை, ஓடவில்லை" என்பதை மட்டும் நம்புவது

வேறு சான்று இல்லாமல் இந்த வாதம் தனியாக நிற்காது.

மெய்ப்பிக்கும் சுமையைக் கண்டு மிரள்வது

சுமை நம் பக்கம்தான். ஆனால் ஐயத்துக்கு அப்பால் நிறுவ வேண்டியதில்லை. சிவில் வழக்கைப்போல, அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதுவும் முழுதாக முடியாமல்போனாலும், கொல்லும் எண்ணம் இருந்ததா என்ற ஐயம் எழுந்தால் அதன் பலன் எதிரிக்கே. இதைச் சொன்ன, 1964இல் வந்த உச்ச நீதிமன்றத்தின் தாஹ்யாபாய் தீர்ப்பைப் பிறர் எடுத்துக்காட்டும் இரண்டு வரிகளோடு நிறுத்தாமல் முழுதாகப் படியுங்கள்.

விடுதலை வந்ததும் வழக்குக் கட்டை மூடிவைப்பது

செயலைச் செய்தவர் அவரே என்று தீர்ப்பில் இருந்தால், விடுதலையானவர் அன்றே வீட்டுக்குப் போக மாட்டார். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 374ஆம் பிரிவின்படி பாதுகாப்பான காவலில் வைப்பார்கள், அல்லது உரிய பிணை பெற்று உறவினரிடமோ நண்பரிடமோ ஒப்படைப்பார்கள். குடும்பத்தாருக்கு இதைச் சொல்லாமல் விட்டால், ஆட்டோ பிடித்து வாசலில் காத்திருப்பார்கள்.

தள்ளிவைக்கப்பட்ட வழக்கையும் மறக்கக் கூடாது. அசாமின் மசாங் லாலுங் 1951இல் கைதாகி மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். வழக்கு விசாரணையே நடக்காமல் 54 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்து 2005இல் வெளியே வந்தார்.

இத்தகைய வழக்குகளில் இறந்தவரும் பெரும்பாலும் அதே வீட்டுக்காரராக இருப்பார். பொறுப்பேற்க யாரும் முன்வர மாட்டார்கள். தீர்ப்பு வரும்வரை காத்திராமல் தாய்மாமனிடமோ சித்தப்பாவிடமோ பேசத் தொடங்குங்கள். தினமும் மாத்திரை கொடுப்பது யார், மருத்துவமனைக்கு அழைத்துப்போவது யார் என்பதையும் முடிவு செய்துகொண்டு, உறவினரிடம் ஒப்படைக்கக் கோரும் மனுவில் எழுதுங்கள்.