இரண்டு எஞ்சின் இருந்தும் ஏன் விழுகிறது? ட்வின் கோமாஞ்சியும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

"இரண்டு எஞ்சின் இருக்கே, ஒன்று நின்றால் இன்னொன்று காப்பாற்றிவிடும்" என்ற நம்பிக்கை பயணிகள் ஜெட்டுக்குச் சரி. நான்கு பேர் உட்காரும் சிறு விமானத்தில் அதே நம்பிக்கை பல உயிர்களைப் பறித்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் பைப்பர் நிறுவனம் செய்த ட்வின் கோமாஞ்சியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

பைப்பர் அதற்கு முன் விற்ற அப்பாச்சி, தடித்த இறக்கையோடு மெதுவாகப் போகும் விமானம். அதன் இடத்துக்கு வேகமான ஒன்று தேவைப்பட்டது. ஏற்கெனவே இருந்த ஒற்றை எஞ்சின் கோமாஞ்சியை எடுத்து, மூக்கிலிருந்த எஞ்சினை நீக்கி, இறக்கைக்கு ஒன்றாக 160 குதிரைத்திறன் லைகமிங் எஞ்சின்களைப் பொருத்தினார்கள். 1962இல் முதலில் பறந்தது, 1963இல் விற்பனைக்கு வந்தது. அப்பாச்சியின் ஒரு வகையிலும் இதே குதிரைத்திறன்தான். ஆனால் மெலிந்த இறக்கையும் வழவழப்பான உடலும் இருந்ததால் ட்வின் கோமாஞ்சி மணிக்கு 190 மைலுக்கு மேல் பறந்தது. 1964 டிசம்பரில் மாக்ஸ் கான்ராட் என்ற அமெரிக்க விமானி, கூடுதல் எரிபொருள் ஏற்றிய ட்வின் கோமாஞ்சி ஒன்றில், கேப் டவுனிலிருந்து ஃபுளோரிடாவுக்கு எங்கும் இறங்காமல் தனியாகப் பறந்தார். சுமார் 7,900 மைல், 56 மணி நேரம்!

இவ்வளவு நல்ல விமானம் அதே காலத்தில் பயிற்சியின்போது அடுத்தடுத்து விழுந்தது. பக்கத்திலேயே பயிற்றுநர் உட்கார்ந்திருந்தும் இறந்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். காரணம் தெரிந்தால் தவிர்க்கக்கூடியது அது.

ஒரு எஞ்சின் போனால் பாதித் திறன் மிச்சம் என்று கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. ட்வின் கோமாஞ்சி இரண்டு எஞ்சினில், கடல் மட்டத்தில், நிமிடத்துக்கு சுமார் 1,460 அடி ஏறும். ஒற்றை எஞ்சினில் சுமார் 260 அடிதான். எஞ்சினின் பெரும்பகுதி சக்தி விமானத்தை அதே உயரத்தில் வைத்திருக்கவே செலவாகிறது. மிஞ்சுவதில்தான் ஏற முடியும். பாதி சக்தி போனால், மிஞ்சியதில் கிட்டத்தட்ட எல்லாமே போய்விடுகிறது. அந்த 260 அடியும் எஞ்சின் புதிது, நின்ற எஞ்சினின் புரொப்பல்லர் ஃபெதர் ஆகியிருக்கிறது (காற்றைத் தடுக்காதபடி அதன் இதழ்கள் விளிம்பு காட்டித் திரும்பியிருக்கின்றன), சக்கரம் உள்ளே, விமானி எதிலும் பிசகவில்லை என்றால்தான். டென்வர் போல 5,000 அடிக்கு மேலுள்ள ஊரில், வெயில் நாளில், முழுப் பாரத்தோடு கிளம்பியவருக்கு மிச்ச எஞ்சின் தருவது ஏற்றமல்ல, கொஞ்சம் மெதுவான இறக்கம்.

அடுத்த தவறு இன்னும் கொடியது: வேகத்தைக் குறையவிடுவது. ஒரு பக்க எஞ்சின் மட்டும் இழுக்கும்போது விமானம் செத்த எஞ்சின் பக்கம் திரும்பப் பார்க்கும். அதை வாலில் இருக்கும் ரட்டரால், கால் மிதியை அழுத்தித் தடுக்கிறோம். ரட்டருக்குப் பலம் தருவது அதன்மேல் ஓடும் காற்று. வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் மிதியை முழுதாக அழுத்தினாலும் போதாது. மூக்கு திரும்பி, இறக்கை சாய்ந்து, விமானம் கவிழ்ந்துவிடும். அந்த அளவைத்தான் வேகமானியில் சிவப்புக் கோடாகப் போட்டிருப்பார்கள். ட்வின் கோமாஞ்சியில் முதலில் அது மணிக்கு 80 மைல்.

இந்த எல்லையை மாணவருக்குக் காட்ட, ஒரு எஞ்சினைக் குறைத்து, மற்றதை முழு சக்தியில் வைத்து, மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்துக்கொண்டே போவார்கள். பாதுகாப்புக்காக உயரத்துக்குப் போய் செய்தவர்களுக்கு வேறொரு ஆபத்து காத்திருந்தது. உயரே போகப் போக எஞ்சினின் சக்தி குறைவதால், ரட்டர் தோற்கும் வேகமும் குறையும். வேகமானியில் தெரியும் ஸ்டால் வேகமோ (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் வேகம்) அப்படியே இருக்கும். ஆகவே ரட்டர் தோற்கும் முன்பே இறக்கை ஸ்டால் ஆகிவிடும். ஒரு எஞ்சின் முழு சக்தியில் இழுக்கையில் ஸ்டால் ஆனால் அடுத்தது ஸ்பின், அதாவது சுழன்றுகொண்டே விழுவது. அதிலிருந்து மீள்வது மிகக் கடினம்.

பிறகு சிவப்புக் கோட்டை 90 மைலுக்கு உயர்த்தினார்கள். இறக்கையின் முன்விளிம்பில் சிறு பட்டைகள் வந்தன. 1970இல் வந்த பிஏ-39 வகையில் இரண்டு புரொப்பல்லர்களும் எதிரெதிராகச் சுழன்றன. இரண்டும் ஒரே பக்கம் சுழன்ற முந்தைய வகையில் இடது எஞ்சின் நின்றால் ஆபத்து கூடுதல்; அந்த நிலை இதில் இல்லை.

மூக்கு திரும்ப ஆரம்பித்த நொடியில் எஞ்சின் சக்தியைக் கூட்டும் பிடியான த்ராட்டிலைக் கை தானாக முன்னால் தள்ளப் பார்க்கும். தள்ளவே கூடாது. ஓடும் எஞ்சினின் சக்தியைக் குறைத்து, மூக்கை இறக்க வேண்டும். தரை நெருங்கும்போது மூக்கை இறக்க மனம் வராது. பழகாத கைக்கு அது நடக்காது. சக்கரம் இன்னும் உள்ளே போகவில்லை, முன்னால் ஓடுபாதை இருக்கிறது என்றால் இரண்டு த்ராட்டிலையும் மூடி நேரே இறங்கிவிடுவதே சரி. இந்த முடிவை ஓடுபாதையில் ஓட ஆரம்பிக்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அவசரம். நல்ல எஞ்சினையே அணைத்துவிட்ட விபத்துகளும் உண்டு. எந்தக் காலுக்கு மிதியில் வேலையில்லையோ அந்தப் பக்க எஞ்சின்தான் நின்றிருக்கிறது. அதோடு நிறுத்தாமல் அந்த த்ராட்டிலை மெல்லப் பின்னால் இழுத்துப் பாருங்கள். எதுவும் மாறவில்லை என்றால்தான் ஃபெதர்.

எரிபொருளிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி வால்வு. துணைத் தொட்டிகள் சீராகப் பறக்கும்போது மட்டுமே பயன்படுத்த வேண்டியவை. ஏறும்போதும் இறங்கும்போதும் முதன்மைத் தொட்டிதான்.

இன்று பழைய ட்வின் கோமாஞ்சி வாங்க நினைப்பவர்கள் விலையை மட்டும் பார்க்கிறார்கள். 1972இல் அக்னெஸ் புயல் வெள்ளம் பென்சில்வேனியாவின் லாக் ஹேவன் தொழிற்சாலையை மூழ்கடித்ததோடு உற்பத்தி நின்றது. கடைசியாக வந்த விமானத்துக்கே ஐம்பது வயது தாண்டிவிட்டது. எஞ்சின், புரொப்பல்லர் பராமரிப்பு எல்லாம் இரட்டைச் செலவு. அந்தப் பட்ஜெட்டில் ஆண்டுதோறும், ஒரு எஞ்சின் நின்றால் சமாளிக்கும் பயிற்சிக்கும் பணம் ஒதுக்க முடியாதவர், ஒற்றை எஞ்சின் கோமாஞ்சியையே வாங்குவது நல்லது.