விண்டோஸ், உபுண்டு, மெக்: ஒரே வைஃபையில் இருந்தும் போல்டர் திறக்காவிட்டால்

களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ ஒரு கொமியூனிகேஷனுக்குள் போனால், விண்டோஸ் 11 லெப்டொப், உபுண்டு போட்ட பழைய டெஸ்க்டொப், டிசைனுக்கு ஒரு மெக் என்று கலந்துதான் கிடக்கும். ஷெயார் பண்ணிய போல்டர் மற்றதில் வராவிட்டால் பலர் முதலில் ஃபயர்வோலை நிறுத்துவார்கள். அதில் கைவைக்க வேண்டாம்.

முதலில் ஐபி எண், அதாவது நெட்வேர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் ரவுட்டர் கொடுக்கும் முகவரி. விண்டோஸில் ஐபிகொன்ஃபிக் கட்டளை, மற்றவற்றில் நெட்வேர்க் செட்டிங்ஸ். ஒன்றில் 192.168.1.12, மற்றதில் 192.168.8.103 என்றால் இரண்டும் வெவ்வேறு ரவுட்டரில் நிற்கின்றன. ஃபைபர் விழுந்தால் உதவும் என்று 4ஜி ரவுட்டரும் வைத்திருக்கும் கடைகளில் இது சர்வசாதாரணம். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் எண்ணே கொடுக்கவில்லை. கெஸ்ட் வைஃபையில் ஏறிய கணினியை மற்றவற்றோடு ரவுட்டர் பேசவிடாது.

எண் சரியா? அப்படியானால் 'நெட்வேர்க்' பட்டியலில் பெயரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உபுண்டுவில் போல்டரை ஷெயார் பண்ணும் மென்பொருளான சம்பா அதில் தானாக வராது. விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் முகவரிப் பட்டையில், ஷெயார் பண்ணிய கணினியின் எண்ணை \\192.168.1.20 என்று அடியுங்கள். மெக்கில் ஃபைண்டரில் கொமாண்ட்+கே அழுத்தி, எஸ்எம்பி என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பின் ://192.168.1.20. திறந்துவிட்டால், ரவுட்டரில் அந்த எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி ஷோர்ட்கட் போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது.

பதிலே இல்லையென்றால், ஷெயார் போல்டர் வந்துபோகும் வாசலான 445ஆம் போர்ட் மூடியிருக்கலாம். விண்டோஸில் நெட்வேர்க்கைப் பப்ளிக்கிலிருந்து பிரைவேட்டுக்கு மாற்றி, ஃபைல் ஷெயாரிங்கை ஒன் பண்ணுங்கள். உபுண்டு ஃபயர்வோலில் சம்பாவுக்கு மட்டும் அனுமதி போதும். மற்றக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளைக்குப் பதில் வரவில்லை என்பதை நம்பி முடிவெடுக்காதீர்கள், விண்டோஸே அதை மறிப்பதுண்டு.

பாஸ்வேர்டை மறுத்தால் காரணம் ஆளுக்காள் வேறு. சம்பாவுக்குத் தனிப் பாஸ்வேர்ட். எஸ்எம்பிபாஸ்வேர்ட் (smbpasswd) கட்டளையால் வைக்காதவரை உபுண்டு லொகின் செல்லாது. விண்டோஸ் பின் நம்பரும் செல்லாது, அக்கவுண்டின் முழுப் பாஸ்வேர்ட் வேண்டும். மெக்கில் ஃபைல் ஷெயாரிங் ஒப்ஷன்ஸில் உங்கள் பெயருக்கு டிக் போட வேண்டும். விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் போல்டரைத் திறக்காது. சம்பாவில் ஒரு யூசரை உருவாக்குங்கள்.

பழைய போட்டோகொப்பி மெஷின் ஸ்கேனைப் போல்டருக்கு அனுப்பாவிட்டால், போல்டர் ஷெயார் பண்ணும் முறையான எஸ்எம்பியின் பழைய வடிவம், எஸ்எம்பி 1, மட்டுமே அதற்குத் தெரிந்திருக்கும். அதற்காக விண்டோஸில் எஸ்எம்பி 1ஐத் திறக்காதீர்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வனாக்ரை வைரஸ் பரவியது அந்த வழியால்தான். எஃப்டிபி என்ற வேறு ஃபைல் அனுப்பும் முறை அல்லது பென்ட்ரைவ் பாவியுங்கள்.

தமிழில் பெயரிட்ட ஃபைல்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மெக்கின் பழைய டிஸ்க் வடிவமான ஹெச்எஃப்எஸ் பிளஸ், 'கொக்கட்டிச்சோலை' என்ற பெயரில் ொ, ோ குறிகளை ெ+ா, ே+ா என்று பிரித்துச் சேமிக்கும். ஃபைல்களைக் கொப்பி பண்ணும் ஆர்சிங்க் கருவி மூலம் உபுண்டுவுக்கு வந்தபின் கண்ணுக்கு ஒரே பெயர், ஆனால் தேடினால் அகப்படாது. ஒரே பெயரில் இரண்டு ஃபைலும் கிடக்கும். உபுண்டுவில் கொன்வ்எம்வி (convmv) என்ற கருவியை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (--nfc) ஒப்ஷனோடு ஓட்டுங்கள். முதல் ஓட்டம் என்ன மாறும் என்று காட்டுவதோடு நிற்கும். பார்த்துவிட்டு நோடெஸ்ட் (--notest) சேர்த்து மறுபடி ஓட்டினால்தான் பெயர்கள் மாறும்.