ஊட்டி ஏறியதும் ஐட்லிங்கில் இன்ஜின் குலுங்கி நின்றால்

மேட்டுப்பாளையம் வரை ஒழுங்காக வந்த பழைய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்) வண்டி, 2,240 மீட்டர் உயரத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் குலுங்கி நிற்கிறதா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஊட்டியில் காற்றழுத்தமே கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு கம்மி. சோக் (கார்புரேட்டருக்குள் காற்றை மறிக்கும் தட்டு) முழுக்கத் திறக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்குரூவைத் தொடுங்கள். பெட்ரோல் குறையும் பக்கமாகக் கால் கால் சுற்றாகத் திருப்பி, இன்ஜின் சீராகும் இடத்தில் நிறுத்துங்கள். எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கியதும் திருப்பி வைக்காவிட்டால் பெட்ரோல் போதாமல் மறுபடி தடுமாறும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்வதால் உயரத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும், மலையைக் குறை சொல்லாதீர்கள். அதுவும் குலுங்கினால், முதலில் இன்ஜின் காற்றை உறிஞ்சும் பக்கத்தோடு இணைந்த வேக்கம் ஹோஸைப் பாருங்கள்; விரிசல் விட்டிருந்தால் ‘உஸ்’ என்று காட்டிக்கொடுக்கும். அடுத்தது, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படிந்த கரி.