அஷ்டாங்க யோகா: புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஹட்டனில் எங்கள் காலை வகுப்புக்குப் புதிதாக ஐந்து பேர் வந்தார்கள். மூன்றாம் நாளே அதில் நான்கு பேர், ஒரு காலத்தில் நான் ஆடிய அதே கூத்தை ஆடிக்கொண்டிருந்தார்கள். பாய் வழுக்கும், மோதிரத்தைக் கழற்று என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுகிறேன்.

மைசூரில் பட்டாபி ஜோயிஸ் கற்பித்துப் பரப்பிய முறை இது. ஆசனங்களின் வரிசை மாறாது, ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு மூச்சு. வேகமாகப் போகும், வேர்த்துக் கொட்டும்.

சதுரங்கத்தில் தொப்பென்று இறங்குவது

சதுரங்க தண்டாசனத்தில் உள்ளங்கைகளும் கால்விரல்களும் மட்டும் தரையில் இருக்கும், உடம்பு பலகைபோல நேராக நிற்கும். முழங்கை செங்கோணமாக மடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். தோள் முழங்கையை விடக் கீழே போகக் கூடாது. போனால் முழுப் பாரமும் தோள்மூட்டின் முன்பக்கத்தில் விழும்.

ஒருமுறை போனால் என்ன என்று கேட்பீர்கள். சரி, கணக்குப் பாருங்கள். சூரிய நமஸ்காரம் முதல் வகை 5 தடவை, அதில் தடவைக்கு ஒரு சதுரங்கம். இரண்டாம் வகையும் 5 தடவை, அதில் தடவைக்கு மூன்று. நின்று செய்யும் ஆசனங்களுக்குப் போகுமுன்பே 20 ஆகிவிட்டது! உட்கார்ந்து செய்பவற்றில் ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் மாறும்போதெல்லாம் இன்னொன்று.

எனக்கு முதலில் சொல்லித்தந்தவர் "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்பார். நானும் நெஞ்சு தரையைத் தொடுவதுதான் வீரம் என்று ஆறு மாதம் இறங்கினேன். ஒருநாள் தலவாக்கலை பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வளைவில் பஸ் திரும்பியது, தோளில் சுரீரென்றது. நாலு மாதம் அம்மாதான் சட்டை மாட்டிவிட்டார்.

முழங்காலை ஊன்றிச் செய்யுங்கள். எங்களிடம் வரும் ஓர் அக்கா பகலெல்லாம் கொழுந்து பறிப்பவர். கூடைக் கயிறு தலையில் இழுத்து இழுத்துக் கழுத்தும் தோளும் ஏற்கெனவே களைத்தவை. அவர் முழங்காலை ஊன்றி, செங்கோணத்தில் நிறுத்தி, அழகாக மேலே வருகிறார். பக்கத்தில் இரண்டு தம்பிமார் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தொப்பென்று விழுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூச்சை அடக்குவது

பல்லைக் கடித்துக்கொண்டு செய்த ஆசனம் கணக்கில் சேராது.

சாப்பாடு

ரொட்டியும் சம்பலும் வகுப்புக்கு அப்புறம்.

குளிரை மறப்பது

தொடங்கும்போது நடுங்குவதைப் பற்றிப் பயமில்லை. நமஸ்காரத்திலேயே சூடு ஏறிவிடும். சிக்கல் முடிவில்தான். வேர்வை ஈரத்தோடு சவாசனத்தில் படுத்தால் நம் மலைக்குளிர் எலும்புவரை போகும். படுக்குமுன் ஸ்வெட்டரைப் போடுங்கள், காலுறையும்.

போயாவில் வருவது

பௌர்ணமியும் அமாவாசையும் இந்த முறையில் ஓய்வு நாட்கள். நமக்குப் பௌர்ணமி நாள், அதாவது போயா, லீவு என்பதால் புதியவர்கள் அன்றைக்குத்தான் கூட்டமாக வருகிறார்கள். கதவு பூட்டியிருக்கும்.