ஒரு சொல்லை விழுங்கிய டிஸால்வ்: ஷாட்கட்டில் கிளிப்புகளை இணைக்கும் முறை

பத்தமடையில் பாய் நெய்யும் அம்மா ஒருவரைப் பற்றி ஆறு நிமிடப் படம் ஒன்று எடுத்தேன். தாமிரபரணியில் கோரை ஊறுவது ஒரு கிளிப். தறி முன் அமர்ந்து அவர் பேசுவது அடுத்தது. நடுவில் டிஸால்வ் (ஒரு காட்சி மெல்லத் தேய, அடுத்தது அதன்மேல் தெளிவது) கொடுத்து முடித்து, முதலில் அவரிடமே போட்டுக் காட்டினேன். "நான் சொன்னது இதில் இல்லையே" என்றார்.

அவர் சொன்னது, "ஓடுகிற தண்ணீரில்தான் கோரை ஊறவேண்டும்." படத்தில் கேட்டது, "தண்ணீரில்தான் கோரை ஊறவேண்டும்." தொழிலின் நுட்பமே அந்த முதல் சொல்லில் இருந்தது. அது போய்விட்டது. அன்றிரவு உட்கார்ந்து சரிசெய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது ஷாட்கட் என்ற காணொளி வெட்டி ஒட்டும் மென்பொருள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டிரான்சிஷனை, அதாவது ஒரு கிளிப்பிலிருந்து அடுத்ததற்கு மாறும் விதத்தை, கற்றுக்கொள்ள இதைவிட நல்ல மென்பொருள் இல்லை என்பது என் கருத்து. என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். கிளிப்புகளை டைம்லைனில் அடுக்கும் வரை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் டைம்லைனுக்கு மேலே உள்ள ரிப்பிள் பொத்தானை இயக்குங்கள்; ஒரு கிளிப்பை நகர்த்தினால் பின்னால் வருபவையும் சேர்ந்து நகரும். இல்லாவிட்டால் ஒரு கிளிப்பை நகர்த்தியதும் அதன் பின்னால் ஓட்டை விழும். பிறகு இரண்டாவது கிளிப்பைப் பிடித்து, முதல் கிளிப்பின் வால் மீது ஏறும்படி இடப்பக்கம் இழுத்து விடுங்கள். ஏறிய பகுதி தனிக் கட்டமாக மாறும். அதுதான் டிரான்சிஷன். தனியாக எதையும் தேடிச் சேர்க்க வேண்டியதில்லை.

என் தவறு நடந்தது இந்த இடத்தில்தான். டிரான்சிஷன் இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே புதிதாக நுழைவதில்லை. முதல் கிளிப்பின் கடைசிப் பகுதியும் இரண்டாவதன் முதல் பகுதியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. விநாடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்) என்றால், ஒரு விநாடி டிஸால்வுக்கு இரண்டு பக்கமும் 25 பிரேம்கள் போய்விடும். ஒலியும் அப்படித்தான்: பழைய ஒலி தேயும்போது புதிய ஒலி மெல்ல மெல்ல ஏறும். நானோ அந்த அம்மா வாய் திறக்கும் பிரேமிலேயே கிளிப்பை வெட்டி வைத்திருந்தேன். "ஓடுகிற" என்ற சொல், ஆற்றின் சலசலப்புக்கு அடியில் போனது.

ஆகவே, பேசும் கிளிப்பை வெட்டும்போது, டிரான்சிஷன் எவ்வளவு நீளமோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகப் பேச்சில்லாத இடத்தை முன்னால் விடுங்கள். அம்புக்குறி விசைகளால் ஒவ்வொரு பிரேமாக நகர்ந்து, உதடு பிரியும் பிரேமைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முன்பே டிஸால்வ் முடிந்திருக்க வேண்டும். நல்லவேளையாக என் மூலக் கோப்பில் அவர் நாரைச் சரிசெய்துகொண்டு மௌனமாக இருந்த மூன்று விநாடிகள் இருந்தன. அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் எந்தக் காட்சிக்கும் முன்னும் பின்னும் ஐந்து விநாடி கூடுதலாகவே பதிவு செய்கிறேன்.

மூலத்திலேயே மிச்சம் இல்லையென்றால் அந்த இடத்தில் டிஸால்வ் வேண்டாம். நேராக வெட்டி ஒட்டுங்கள். ஒரு சொல்லும் போகாது. நடுவில் பேச்சில்லாத காட்சி ஒன்றை, உதாரணமாகக் கோரைக் கட்டை நெருங்கி எடுத்ததை, வைத்து ஆற்றிலிருந்து அதற்கு டிஸால்வ் கொடுத்தாலும் போதும்.

நீளத்தை மாற்ற, டிரான்சிஷன் கட்டத்தின் விளிம்பைப் பிடித்து இழுக்கலாம். அதன்மேல் சொடுக்கி பிராப்பர்ட்டீஸ் பகுதிக்குப் போனால் வகையையும் மாற்றலாம். அங்கே வைப் வகைகள் (ஒரு காட்சியை அடுத்தது துடைத்துக்கொண்டு வருவது) நிறைய இருக்கும். நான் டிஸால்வைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. அதுவும் இடமோ காலமோ மாறும்போது மட்டும்தான்: ஆற்றங்கரையிலிருந்து தறிக்கு, காலையிலிருந்து மாலைக்கு. ஒரே தறியை இரண்டு கோணத்தில் காட்டும்போது நேர் வெட்டுதான் அழகு.

தறி ஓசையில் இன்னொரு சிக்கல் வந்தது. இரண்டு தறிக் கிளிப்புகள் கலந்தபோது இரண்டு தாளம் மோதி, இரண்டு தறி ஓடுவதுபோல் கேட்டது. கிளிப்பின்மேல் வலச்சொடுக்கி ஒலியைத் தனியே பிரித்து நீக்கிவிட்டேன். ஒரே நீளமான தறி ஓசையை எல்லாத் தறிக் கிளிப்புகளுக்கும் அடியில் ஓடவிட்டேன். பேசும் கிளிப்பில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பிரித்தபின் படத்தை மட்டும் நகர்த்தினால் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் ஆகிவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர், டிரான்சிஷன் போட்டதும் எழுத்துகள் தவறான காட்சியில் வருவதாக எழுதினார். ஒவ்வொரு ஒரு விநாடி டிஸால்வுக்கும் மொத்த நீளத்தில் ஒரு விநாடி குறையும். நான்கு போட்டால் நான்கு விநாடி. மேல் டிராக்கில் (டைம்லைனின் மேல் வரிசையில்) இருக்கும் எழுத்து அப்படியே நிற்கும். எல்லா டிராக்கையும் சேர்த்து நகர்த்தும் ரிப்பிள் பொத்தான் தனியாக இருக்கிறது. ஆனாலும் டிரான்சிஷன்களை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் எழுத்தையும் இசையையும் வைப்பதே என் வழக்கம். அவருக்கும் அதையே சொன்னேன்.