வானத்தில் நூறு பேர் கைகோக்கும்போது: அவசரத்தால் வரும் தவறுகள்

பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் துபாய், சிங்கப்பூரிலிருந்து காரைக்குடிப் பக்கம் வரும் பிள்ளைகள் சிலரின் போனில் இப்போது ஸ்கைடைவிங், அதாவது விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் வீடியோ இருக்கிறது. பெரும்பாலும் டேண்டம்தான். பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக் குதித்திருப்பார்கள், கீழே துபாயின் பனைமர வடிவத் தீவான பாம் ஜுமேரா தெரியும். காட்டி முடித்ததும் அடுத்த கேள்வி வரும். “நூறு, இருநூறு பேர் கையக் கோத்துக்கிட்டு வட்டமா விழறாங்களே அம்மான், அதுல சேரணும்னா என்ன செய்யணும்?”

சேர வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். மனிதர்கள் கூடிச் செய்யும் காரியங்களில் இவ்வளவு அழகானது குறைவு. 2006 பிப்ரவரி 8 அன்று தாய்லாந்தின் உடான் தானி நகருக்கு மேலே 400 பேர் ஒரே அமைப்பாக இணைந்தார்கள். ஐந்து சி-130 ஹெர்குலிஸ் விமானங்களிலிருந்து, 25,000 அடிக்கும் மேலே குதித்து, 4.25 விநாடி அந்த வடிவத்தைப் பிடித்து நின்றார்கள். 2009-இல் கலிபோர்னியாவின் பெரிஸில் 181 பெண்கள் சேர்ந்து செய்தார்கள். சுற்றிலும் காற்று இரைகிறது. ஆனால் எல்லோரும் ஒரே வேகத்தில் விழுவதால் எதிரில் இருப்பவர் முகம் அசையாமல் நிற்கிறது. அந்த அனுபவத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடியும் தேடிப் போகாமல் இருக்க மாட்டார்கள்.

இதில் ஆபத்து எங்கே என்று கேட்டால் எல்லோரும் தரையைக் கைகாட்டுவார்கள். என் பதில் வேறு. பக்கத்தில் பறக்கும் ஆள்தான் ஆபத்து, பக்கத்து ஆளுக்கு நீங்கள் ஆபத்து. வயிறு கீழ்நோக்கி விழும்போது வேகம் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர். அந்த வேகம் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. இரண்டு பேரின் வேகத்துக்கு நடுவே உள்ள வித்தியாசம்தான் தோள்பட்டையை உடைக்கிறது, ஆளை மயக்கமாக்குகிறது. அந்த வித்தியாசத்தை உண்டாக்குவது அநேகமாக அவசரம். பெரிய தவறுகள் பலவற்றையும் கிளறிப் பார்த்தால் அடியில் அதுதான் கிடக்கும்.

முதல் அவசரம் விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இரண்டு டேண்டம் குதித்ததும் ‘எனக்கும் தெரியும்’ என்று நினைப்பது. அமெரிக்க பாராசூட் சங்கத்தின் முதல் நிலையான ஏ உரிமத்துக்கே குறைந்தது 25 முறை குதித்திருக்க வேண்டும், டி உரிமத்துக்கு 500. நான்கு பேரோடு, எட்டுப் பேரோடு, பதினாறு பேரோடு என்று படிப்படியாகப் பழகியவர்களைத்தான் பெரிய அமைப்புக்குக் கூப்பிடுவார்கள். கீழிருந்து காற்றை ஊதி ஆளை மிதக்க வைக்கும் உள்ளரங்கு விண்ட் டனலில் செலவழிக்கும் பணம் வீண் போகாது. உடம்பை அசைக்காமல் ஒரே உயரத்தில் நிற்க அங்கேதான் சீக்கிரம் பழகும்.

அடுத்தது, தரையில் செய்யும் ஒத்திகையை விளையாட்டாக எடுத்துக்கொள்வது. ஒவ்வொருவரும் எந்த வழியாக வர வேண்டும், யாருடைய எந்தக் கையை அல்லது காலைப் பிடிக்க வேண்டும், எந்தத் திசையில் பிரிய வேண்டும் என்று நடந்தே பார்ப்பார்கள். கேட்ட பிள்ளைகளுக்குப் புரிய வைக்க எங்கள் வீட்டு வளவில் இதைச் செய்து காட்டினேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை அதற்கு மிக வசதி. நடுக்கல்லில் பேஸ், அதாவது முதலில் சேர்ந்து நிற்கும் நடுக்குழு. சுற்றி ஒவ்வொரு கல் வரிசையும் ஒரு வட்டம். கடைசி வரிசையில் நின்ற மருமகன், “வெளியில இருக்கறதுதானே அம்மான் சுலபம்?” என்றான். அவனைத் தூணோரம் நிறுத்தி வைத்து, பத்து வரை எண்ணிவிட்டு வரச் சொன்னேன். நடுவில் இருந்தவர்கள் அதற்குள் எங்கே போயிருப்பார்கள் என்று யோசிக்கச் சொன்னேன்.

கணக்கு இதுதான். குதித்த முதல் பத்து விநாடியில் ஒருவர் சுமார் ஆயிரம் அடி விழுந்துவிடுவார். அதன் பிறகு ஐந்தரை விநாடிக்கு ஆயிரம் அடி. பத்து விநாடி பிந்திக் குதிப்பவருக்கு நடுக்குழு ஆயிரம் அடிக்கும் கீழே ஒரு புள்ளி. தலைகீழாகப் பாய்ந்துதான் எட்டிப் பிடிக்க வேண்டும், அப்போது வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகம் முழுவதையும் அமைப்பை நெருங்குவதற்குள் கரைத்தாக வேண்டும். அதனால்தான் வெளி வரிசையை அனுபவசாலிகளுக்குத் தருகிறார்கள்.

மிக மோசமான தவறு இங்கேதான் நடக்கிறது. தன் இடத்தையே குறிவைத்து நேராகப் பாய்வது. பிள்ளையார்பட்டித் தேர் நிலைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடித்தவர்கள் எவ்வளவு உற்சாகத்தில் இருந்தாலும், கடைசிச் சில அடிகளை முட்டுக்கட்டை போடுபவர்தான் தீர்மானிப்பார். இங்கே வடமும் முட்டுக்கட்டையும் நீங்களே. அமைப்புக்கு வெளியே, சற்று மேலே, உங்கள் பகுதிக்கு நேராக முதலில் நில்லுங்கள். முழுக்க நின்ற பிறகு, உங்களுக்கு முன்னால் சேர வேண்டியவர் சேர்ந்துவிட்டாரா என்று பார்த்து, அங்குலம் அங்குலமாக உள்ளே வாருங்கள். நேரம் போதாமல் சேர முடியவில்லையா, போகட்டும். மோதிச் சேர்ந்தவரை யாரும் மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

அமைப்பின் தலைக்கு மேலாகக் கடப்பது இதோடு சேர்ந்த தவறு. விழுகிற உடம்புக்கு நேர் மேலே காற்று கலைந்து கிடக்கும். அங்கே நுழைந்தால் உங்களைத் தாங்கக் காற்று இல்லை, கீழே இருப்பவர் முதுகில் கல்லாக விழுவீர்கள். எவ்வளவு சுற்றாக இருந்தாலும் வெளிப்பக்கமாகவே வாருங்கள்.

அமைப்புக்குக் கீழே இறங்கிப்போனவர்களுக்குப் பதற்றம் வரும். கை காலை விரித்து உடம்பைத் தட்டையாக்கினால் விழும் வேகம் குறைந்து, அமைப்பின் மட்டத்துக்கு மெல்ல வரலாம், முயன்று பாருங்கள். முடியாவிட்டால் பக்கவாட்டில் ஒதுங்கியே இருங்கள், அமைப்பின் அடியில் மட்டும் போகாதீர்கள். அங்கே உங்கள் பாராசூட் தப்பித் தவறி விரிந்தால் மேலிருந்து வருபவர்களுக்கு விலகக்கூட நேரம் இருக்காது. பை மூடியின் ஊசி சரியாகச் செருகியிருக்கிறதா என்று குதிப்பதற்கு முன் ஒருவர் மற்றவருக்குப் பார்ப்பது இதற்காகத்தான்.

பிடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த உடையில் முழங்காலுக்குக் கீழே உருளைபோலத் தைத்த பிடி இருக்கும். அதைத் தொட்டுப் பிடித்தால் போதும். இழுத்தால் அந்த இழுப்பு அவருக்கு முன்னால் இருப்பவருக்குப் போகும், அங்கிருந்து நடுவரைக்கும் அலையாகப் போய் எதிர்ப்பக்கத்தில் யாரோ பிடி நழுவுவார். கையால் பிடித்திருந்தாலும் உங்கள் உடம்பை நீங்கள்தான் பறக்க வைக்க வேண்டும்.

மிக உயரத்திலிருந்து குதிப்பதில் இன்னொரு பொறி இருக்கிறது. 25,000 அடியில் ஆக்சிஜன் இல்லாமல் தெளிவாக இயங்க மூன்று முதல் ஐந்து நிமிடம்தான். மூச்சு முட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், பலருக்கு மனம் லேசாகி உற்சாகமாகத்தான் இருக்கும். ஆக்சிஜன் குழாயைச் சொல்வதற்கு முன்பே கழற்றுவதும், சளி பிடித்திருப்பதை மறைத்து விமானம் ஏறுவதும் வேண்டவே வேண்டாம்.

பிரியும் கட்டத்தில் அவசரமும் உதவாது, ஆசையும் உதவாது. வடிவம் முடிந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் இன்னும் ஒரு விநாடி பிடித்திருக்கத் தோன்றும். பிரிவது அலை அலையாக நடக்கும். வெளி வரிசை முதலில், நடுக்குழு கடைசியில், ஒவ்வொன்றுக்கும் தனி உயரம். உங்கள் உயரம் வந்ததும் விட்டுவிடுங்கள். கைகளைப் பின்னால் ஒட்டி, காலை நீட்டி, மையத்திலிருந்து நேர்கோட்டில் விலகிப் போங்கள். கோணலாகப் போனால் அடுத்தவர் பாதையில் விழுவீர்கள். பாராசூட்டைத் திறக்குமுன் கையசைத்துக் காட்டுங்கள், மேலேயும் பாருங்கள். உயரம் காட்டும் மணிக்கட்டு ஆல்டிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம், காதில் ஒலிக்கும் மீட்டரும் இருக்கட்டும். தானியங்கிக் கருவி சுமார் 750 அடியில் ரிசர்வ், அதாவது உபரிப் பாராசூட்டைத் திறக்கும், ஆனால் அது நினைவிழந்தவருக்கான கடைசி வழி. அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

பாராசூட் விரிந்ததும் ‘பிழைத்தோம்’ என்று தளர்வது தவறு. நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழேயே இறந்தவர்கள் இந்த விளையாட்டில் நிறையப் பேர். தரைக்கு அருகில் திடீரென்று திரும்பியதே பல சமயம் காரணம். நூறு பாராசூட்டுகள் ஒரே வானத்தில் இறங்கும்போது சுழன்று விளையாடாதீர்கள். எல்லோரும் இறங்கும் திசையிலேயே இறங்குங்கள். குறித்த திடலை எட்ட முடியாவிட்டால் தூரத்து வயலில் நேராக இறங்கிவிடுவது மேல்.

அப்படி வயலில் இறங்கினால் உடனே திடலுக்குத் தகவல் சொல்லுங்கள். சொல்லாமல் நிதானமாக நடந்து வருபவருக்காக மொத்தக் குழுவும் அடுத்த ஏற்றத்தை நிறுத்திவிட்டு, ஜீப்பில் தேடிக்கொண்டிருக்கும்.